முதலில் சாளை

தேங்காப்பட்டணம் துறைமுகத்தில்
ஏலம் விளிக்கிறவன் நான்.
எதை முதலில் விளிப்பதென்று
யாரும் எனக்கு எழுதித் தந்ததில்லை.
சாளைதான் முதலில்.
வெயில் ஏறினால் வயிறு உடைந்துவிடும்.
பிறகு அயிலை, பிறகு கணவாய்.
நெய்மீன் ஐஸில் கிடக்கும்
அவசரமில்லாத பணக்காரனைப்போல.

எம்.எல்.ஏ. அலுவலகத்து ரெஜின் ஜோஸ்
கருங்கலிலிருந்து மஞ்சள் கோப்போடு வந்து
கவிழ்த்துப்போட்ட பெட்டியின்மேல் உட்கார்ந்தான்.
ஹெலன் பிறிஜித் கூடையை இறக்கினாள்.

அவள் மாப்பிள்ளை ததேயுஸ் போன விசைப்படகு
லட்சத்தீவுக்கு மேற்கே எங்கோ.
ஆள் இல்லை, பலகை இல்லை,
வலையின் ஒரு மிதவைகூட இல்லை.
ஏழு வருடம் கழிந்தால்தான்
இறந்தவன் என்று தாள்.
அதைக் குறைக்கச் சொல்லி
எங்கள் உறுப்பினர் ஒரு சட்டமுன்வடிவு கொடுத்திருந்தார்.
பையன் வாசித்தான்:
"ஏழை இரண்டாகக் குறைத்தல்."
"ஏழையை இன்னும் எங்க மக்கா குறைக்க?"
என்றாள் ஹெலன்.
சிரித்துவிட்டுக் கேட்டாள், "எத்தனாவது?"
"பதினாலு."

கேள்வி நேரம், கவன ஈர்ப்பு, மானியக் கோரிக்கை,
அப்புறம் அரசே கொண்டுவரும் முன்வடிவுகள்.
எந்த நாளில் எது, எத்தனை மணி என்று
அலுவல் ஆய்வுக் குழு உட்கார்ந்து பங்கு வைக்கும்.
நேரம் மிஞ்சினால் ஒரு பிற்பகல்
தனி உறுப்பினர்களுக்கு.
"மானியம் நிண்ணா ஆஸ்பத்திரி நிக்கும் அக்கா,
வாத்தியார் சம்பளம் நிக்கும்."

அது நியாயம்தான்.
ஐஸ்காரனுக்குக் கொடுக்காமல்
நானும் கூடம் திறக்க முடியாது.

"எல்லாத்துக்கும் முன்னால என்ன எடுப்பாவ?"
அவன் தாளைப் புரட்டினான்.
"இரங்கல் குறிப்பு.
எல்லாரும் எழும்பி நிண்ணு ரெண்டு நிமிசம் மௌனம்."
"செத்தவங்களுக்குத்தான் முதலிடம்."
"ஆமா அக்கா."
"அப்ப எங்க ஆளு செத்துட்டாருண்ணு எழுதத்தான்
பதினாலாவதா நிக்கணும்."

ரெஜின் ஜோஸ் கோப்பை மூடினான்.
அதன்மேல் ஒரு செதில் ஒட்டியிருந்தது.
நகத்தால் சுரண்டினான், போகவில்லை.

அடுத்த கூட்டத்தொடரில் பதினொன்று.
அதற்கடுத்ததில் பதினாறு.
உறுப்பினர்களின் படிக்கானது ஒன்று குறுக்கே புகுந்து
நாலே நிமிடத்தில்
குரல் வாக்கெடுப்பில் கரையேறிவிட்டது.
ஒருமுறை எட்டு வரைக்கும் வந்தது.
அன்று கூச்சல்;
அவை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு.
போனில் பையன் மன்னிப்புக் கேட்டான்,
அவன்தான் கத்தியதுபோல.

ததேயுஸ் பெயர் ரேஷன் அட்டையில் இருந்தது.
மாதாமாதம் அரிசி வாங்கினான்.
படகுக் கடனுக்கு வட்டி கட்டினான்.
அவன் பெயருக்கு வங்கி அனுப்பிய நோட்டீசை
ஹெலன் கையெழுத்துப் போட்டு வாங்கினாள்,
தபால்காரரிடம், "ஆளு கடலுக்குப் போயிருக்காரு" என்று.
அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஏழு வருடம் தன்பாட்டுக்கு முடிந்தது.
குழித்துறை கோர்ட்டில் தாள் வாங்கி
பிளாஸ்டிக் உறையில் போட்டு
நேராக இங்கேதான் வந்தாள்.
அன்று சாளை நிறைய.

அப்போதுதான் போன்.
"அக்கா, இந்தத் தடவை மூணாவது!
கண்டிப்பா எடுப்பாவ!"
அவளுக்குக் கிடைத்தது அவனுக்குத் தெரியாது.
சொல்வாள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூணுல இருந்து இறக்கிராத மக்கா," என்றாள்.
"போன ஆடியில இரவிபுத்தன்துறை வள்ளம் ஒண்ணு போச்சு.
அஞ்சு பேரு.
பேரெல்லாம் சொல்லுதேன், எழுது."

முதல் பெயரைச் சொன்னாள்.
இரண்டாவதைச் சொல்லும்போது
அவன் தப்பாக எழுதினான்போல;
எழுத்து எழுத்தாகச் சொன்னாள்.

தகரக் கூரையில் வெயில் ஏறியிருந்தது.
எனக்குக் காத்திருக்க முடியாது.
பெட்டி எண்ணூறு என்று தொடங்கினேன்.